இறந்தவருக்காக வருந்தும் துப்பறியும் கதைகள்

ஒரு துப்பறியும் நாவலைப் படித்து மூடி வைத்ததும், கொலையாளியை முன்கூட்டியே ஊகித்துவிட்டேனா என்பதைப் பற்றி நான் அதிகம் யோசிப்பதில்லை. கொலையுண்டவருக்காக அந்தக் கதைக்குள் யாராவது மனதார வருந்தினார்களா என்றுதான் யோசிக்கிறேன். விமர்சகருக்குரிய பயிற்சியோ முறையான இலக்கியப் படிப்போ எனக்குக் கிடையாது. வேலை முடிந்தபின் கிடைக்கும் நேரத்தில் மனத்துக்குப் பிடித்ததைப் படிக்கிற சாதாரண வாசகி நான். ஆனாலும் கோஸி மிஸ்டரி என்று சொல்லப்படும் நாவல்களைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்து வந்ததில், நல்லதையும் சுமாரானதையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு கேள்வியே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. கதை எவ்வளவு சாமர்த்தியமாகப் பின்னப்பட்டிருந்தாலும், உரையாடல் எவ்வளவு சுவையாக அமைந்திருந்தாலும், இறந்தவர் கதை தொடங்குவதற்கான ஒரு சாக்காக மட்டும் அங்கே கிடந்தால் அந்தப் புத்தகம் என் மனத்தில் தங்குவதில்லை.

இந்த வகை நாவலின் அமைப்பு பெரும்பாலான வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு சிறிய ஊர், அல்லது ஒருவரையொருவர் அறிந்த ஒரு சிறு வட்டம். அதற்குள் ஒரு கொலை. காவல்துறையைச் சேராத ஒருவர், அநேகமாக ஒரு பெண், தன் அனுபவத்தையும் அக்கம்பக்கத்தாரைப் பற்றிய அறிவையும் மட்டும் துணையாகக் கொண்டு உண்மையைக் கண்டறிவது. முடிவில் ஊர் பழைய நிலைக்குத் திரும்புவது. அமெரிக்காவில் 1989-இல் தொடங்கிய மாலிஸ் டொமெஸ்டிக் என்னும் வாசகர் மாநாடு ஆண்டுதோறும் வழங்கும் அகதா விருதுகள், அப்பட்டமான பாலுறவுக் காட்சிகளும் மிதமிஞ்சிய இரத்தக் களரியும் காரணமற்ற வன்முறையும் இல்லாத கதைகளையே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அகதா கிறிஸ்டியின் பெயரால் வழங்கப்படும் விருதுக்கு இது பொருத்தமான வரையறை. ஆனால் எதெல்லாம் இருக்கக் கூடாது என்று இந்த வரையறை சொல்கிறதே தவிர, எது இருக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. அதனால்தான், மேற்சொன்ன எதுவும் இல்லாத, வேறு எதுவுமே இல்லாத நாவல்களும் இந்த வகையில் ஏராளமாக வந்து சேர்ந்துவிடுகின்றன.

இந்தக் குறை புதிதாகச் சொல்லப்படுவதன்று. 1944-இல் அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், அதே துறையில் தமக்கு முன்னோடியான டாஷியல் ஹாமெட்டைப் பாராட்டும்போது, கதைக்கு ஒரு பிணம் வேண்டும் என்பதற்காகக் கொலை செய்பவர்களிடமிருந்து கொலையைப் பறித்து, உண்மையான காரணங்களுக்காகக் கொலை செய்பவர்களிடம் அவர் திருப்பிக் கொடுத்தார் என்னும் பொருள்படச் சொல்கிறார். ஆங்கிலேயப் பாணித் துப்பறியும் கதைகள் மீது அவர் வைத்த இந்தக் குற்றச்சாட்டு கடுமையானது. பல கதைகளைப் பொறுத்தவரை நியாயமானதும்கூட. ஆனால் அவர் முன்வைத்த மாற்று, அதாவது நகரத்து இருட்டுத் தெருக்களில் தனியாக அலையும் முரட்டுத் துப்பறிவாளனின் கதை, இறந்தவரை எப்போதும் கூடுதலான அக்கறையோடு நடத்தியது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அங்கேயும் பிணங்கள் வரிசையாக விழுகின்றன. துப்பறிவாளனின் சோர்வும் கசப்பும் பக்கம் பக்கமாக விவரிக்கப்படுகின்றன. செத்தவரின் பெயர் அடுத்த அத்தியாயத்திலேயே மறந்துபோகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1948-இல், கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் இதே வகைக் கதைகளைப் பற்றி எழுதிய கட்டுரை எனக்கு இன்னும் நெருக்கமானது. கொலை நடக்கும் இடம் ஏதேன் தோட்டம்போலக் களங்கமற்றதாகத் தோன்ற வேண்டும், அப்போதுதான் அங்கே கிடக்கும் பிணம் பொருந்தாத ஒன்றாக நம்மை அதிர வைக்கும் என்று அவர் வாதிடுகிறார். இது சரியான பார்வை. வன்முறை நிறைந்த ஊரில் இன்னொரு பிணம் விழுவது ஓர் எண்ணிக்கை. அமைதியான ஊரில் விழும் பிணம் ஒரு கேள்வி. ஆனால் அதே கட்டுரையில், ஒரு துப்பறியும் கதையை முடித்த கணமே அது தமக்கு மறந்துவிடும் என்றும், மறுபடி படிக்கும் விருப்பம் எழுவதில்லை என்றும் ஆடன் சொல்லும்போது என்னால் அவரோடு உடன்பட முடிவதில்லை. எனக்குப் பிடித்த துப்பறியும் நாவல்களை, கொலையாளி யார் என்று நன்றாகத் தெரிந்த பிறகும், திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். புதிருக்கு விடை தெரிந்த பிறகும் ஒரு கதை நம்மை இழுக்கிறது என்றால், அதில் புதிரைத் தாண்டி ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்.

அந்த ஏதோ ஒன்று என்னவென்று விளங்கிக்கொள்ள, அகதா கிறிஸ்டியின் இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தால் போதும். சிற்றூரில் வாழ்ந்துகொண்டு துப்புத் துலக்கும் மூதாட்டியான மிஸ் மார்ப்பிள் இடம்பெற்ற முதல் நாவலான 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' 1930-இல் வெளிவந்தது. அதில் கொலையாகும் கர்னல் புரொதரோவை ஊரில் யாருக்கும் பிடிக்காது. அவரை ஒருவர் கொன்றால் உலகத்துக்கே நன்மை என்று, கதை சொல்லும் பாதிரியாரே தொடக்கத்தில் வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். கர்னல் இறந்ததும் கதை சுறுசுறுப்படைகிறது, ஊரே பேசுகிறது, துப்புகள் அழகாக அடுக்கப்படுகின்றன. ஆனால் கர்னலுக்காக வாசகர் ஒரு நொடிகூட நின்று வருந்த வேண்டிய அவசியம் ஏற்படுவதில்லை. கெட்டிக்காரத்தனமான நாவல் அது. எனக்கு அதில் பாதிப் பாத்திரங்களின் பெயர்கள்கூட நினைவில்லை.

1950-இல் வந்த 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' முற்றிலும் வேறு. அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு லிட்டில் பேடக்ஸ் என்ற வீட்டில் ஒரு கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வருகிறது. ஏதோ விருந்து விளையாட்டு என்று நினைத்து அக்கம்பக்கத்தார் அனைவரும் ஆவலோடு அங்கே போய்ச் சேர்கிறார்கள். தொடக்கம் இப்படி விளையாட்டாக இருந்தாலும், போருக்குப் பிந்தைய ஓர் ஊரின் ஆழமான தனிமையைப் பற்றிய நாவல் அது. முன்பெல்லாம் ஊருக்குப் புதிதாக வருகிறவர் இன்னாருடைய உறவினர், இன்னாருடைய நண்பர் என்று தெரிந்திருக்கும். இப்போதோ ஒவ்வொருவரும் தம்மைப் பற்றித் தாமே சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது என்று மிஸ் மார்ப்பிள் காவல் அதிகாரியிடம் விளக்குவது, கதைக்கு முக்கியமான துப்பு மட்டுமன்று. சிதறிப்போன ஒரு சமூகத்தின் வாக்குமூலமும்கூட.

அந்த நாவலில் டோரா பன்னர் என்ற வயதான பெண்மணி வருகிறார். வறுமையில் வாடிக்கொண்டிருந்தபோது பள்ளிக்காலத் தோழியால் ஆதரிக்கப்பட்டு அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். பேச்சில் தொடர்ச்சி இருக்காது. பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்வார். அவருடைய பிறந்தநாளுக்காக வீட்டுச் சமையற்காரி சிரமப்பட்டு ஒரு சாக்லேட் கேக் செய்கிறாள். சுவையான மரணம் என்று பொருள்படும் ஒரு செல்லப்பெயர்கூட அந்தக் கேக்குக்கு வைக்கப்படுகிறது. டோரா ஒரு குழந்தையைப்போல மகிழ்கிறார். அந்த விருந்துக்குப் பிறகு அவர் உயிரோடு இருப்பதில்லை. முதல் வாசிப்பில் அந்தப் பிறந்தநாள் காட்சியை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். இரண்டாம் வாசிப்பில், யார் எதற்காக அந்த விருந்தை ஏற்பாடு செய்தார்கள் என்று தெரிந்திருக்கும்போது, அதைப் படிப்பது கடினமாக இருந்தது. அன்பும் குற்றமும் ஒரே கையிலிருந்து வரக்கூடும் என்பதை அந்த மேசையில் கிறிஸ்டி எந்த அலங்காரமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்.

அதே நாவலில், கோழிகளும் பன்றிகளும் வளர்த்துக்கொண்டு ஒரு சிறு வீட்டில் சேர்ந்து வாழும் ஹிஞ்ச்கிளிஃப், மர்காட்ராய்ட் என்ற இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். முன்னவர் அதட்டிப் பேசுபவர், பின்னவர் தடுமாறிச் சிரிப்பவர். வாசகருக்கு அவர்கள் வெகுநேரம் வேடிக்கையான துணைப்பாத்திரங்களாகவே தோன்றுகிறார்கள். ஒருநாள் ஹிஞ்ச்கிளிஃப் வெளியே போயிருக்கும் நேரத்தில், மழை வரப்போகிறதே என்று கொடியில் உலரும் துணிகளை எடுக்கப்போன மர்காட்ராய்ட் கொல்லப்படுகிறார். திரும்பி வந்த ஹிஞ்ச்கிளிஃப் அழுவதில்லை, அலறுவதில்லை. அவருடைய பேச்சு மட்டும் இன்னும் சுருங்கிப்போகிறது. அதுவரை விளையாட்டாக நடந்த விசாரணை அந்த இடத்தில் விளையாட்டாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது. இந்த ஒரு காட்சிக்காகவே சாண்ட்லரின் குற்றச்சாட்டிலிருந்து கிறிஸ்டியை விடுவிக்கலாம் என்பது என் திடமான கருத்து.

தேவனின் சாம்புவைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, ஊரார் அசடு என்று ஒதுக்கிய ஒருவர் துப்புத் துலக்குவது புதிய விஷயமன்று. சாம்புவுக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கிறது. மிஸ் மார்ப்பிளுக்குக் கைகொடுப்பது கவனம். வம்பு பேசும் கிழவி என்று மற்றவர்கள் அலட்சியம் செய்வதால், அவர் முன்னிலையில் எல்லோரும் மனம்விட்டுப் பேசிவிடுகிறார்கள். அண்மைக் காலத்தில் இந்த மரபை மிகப் பெரிய வாசகர் கூட்டத்திடம் மறுபடி கொண்டு சேர்த்தவர் ரிச்சர்ட் ஆஸ்மன். பிரிட்டனில் தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளராக அறியப்பட்ட அவர், தம் தாயார் வசித்த முதியோர் குடியிருப்புக்குச் சென்று வந்தபோது கிடைத்த எண்ணத்திலிருந்து 2020-இல் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' நாவலை எழுதினார். கென்ட் பகுதியில், பழைய கன்னியர் மடம் ஒன்று இருந்த இடத்தில் அமைந்த முதியோர் குடியிருப்பு. அங்கே வியாழக்கிழமைதோறும் கூடி, தீர்க்கப்படாத பழைய கொலை வழக்குகளை ஆராயும் நால்வர். உளவுத்துறையில் இருந்த எலிசபெத், செவிலியராக இருந்த ஜாய்ஸ், மனநல மருத்துவராக இருந்த இப்ராஹிம், தொழிற்சங்கத் தலைவராக இருந்த ரான். யாரும் எட்டிப் பார்க்காமல் இருப்பதற்காக, ஜப்பானிய இசைநாடகம் பற்றிய கலந்துரையாடல் என்ற பெயரில் அவர்கள் அறையைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

இந்த நாவல் பெற்ற வரவேற்பை நகைச்சுவைக்குக் கிடைத்த வரவேற்பாகப் பலர் பார்க்கிறார்கள். என் பார்வையில் அதன் பலம் வேறோரிடத்தில் இருக்கிறது. எலிசபெத் தம் நாட்குறிப்பில் இரண்டு வாரங்களுக்குப் பிந்தைய தேதியில் ஒரு கேள்வியை எழுதி வைக்கிறார்; ஒவ்வொரு நாளும், இரண்டு வாரங்களுக்கு முன்பு எழுதி வைத்த கேள்விக்குத் தம்மால் பதில் சொல்ல முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கிறார். பதில் நினைவுக்கு வந்தால் அன்றைய நாள் பாதுகாப்பானது. அவருடைய கணவர் ஸ்டீஃபனின் நினைவு மெல்ல மெல்ல மங்கிக்கொண்டிருக்கிறது. தமக்கும் அது தொடங்கிவிட்டால் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பயம்தான் இந்தச் சோதனை. கொலை விசாரணைக்கு இதனால் நேரடியான பயன் எதுவும் கிடையாது. ஆயினும் அந்தச் சிறிய பகுதியைப் படித்தபின், எலிசபெத் ஒவ்வொரு துப்பையும் சரியாக நினைவுகூரும்போதும் அதற்குப் பின்னால் இருக்கும் நிம்மதி நமக்குக் கேட்கிறது. ஊரே பார்த்து வியக்கும் கூர்மை, உரியவருக்கு மட்டும் தினமும் ஊசலாடும் ஒன்றாக இருப்பதை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

இந்தக் குழுவை எலிசபெத்தோடு சேர்ந்து தொடங்கியவர் பென்னி என்ற முன்னாள் காவல் அதிகாரி. அவர் இப்போது அதே வளாகத்தின் மருத்துவப் பிரிவில் நினைவின்றிப் படுத்திருக்கிறார். வழக்கில் நடப்பதையெல்லாம் எலிசபெத் அவர் அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜாய்ஸ் எழுதும் நாட்குறிப்பு அத்தியாயங்களிலும், கணவரை இழந்தவரின் பேச்சுத்துணை தேடும் ஏக்கம் வம்புக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவே அவ்வப்போது தலைகாட்டும். இந்த மனிதர்கள் நண்பர்களின் இறுதிச் சடங்குகளுக்குப் போய்ப் பழகியவர்கள். சாவு அவர்களுக்கு அன்றாடம். கொலை மட்டும்தான் புதிது. ஆகவே அவர்கள் ஒரு கொலையைப் பற்றி உற்சாகமாகப் பேசும்போதுகூட எனக்கு அது கூச்சத்தை ஏற்படுத்துவதில்லை, ஏனென்றால் இறப்பின் எடை என்னவென்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆஸ்மனிடம் குறைகளும் உண்டு. தொடர் நீளநீள எலிசபெத்தின் உளவுத்துறைத் தொடர்புகள் எல்லாப் பூட்டுக்கும் சாவியாகிவிடுகின்றன. வைரக் கடத்தலும் போதைப்பொருள் வியாபாரமும் பணச்சலவையும் உள்ளே வந்தபின், ஒரு குடியிருப்புக்குள் நடக்கும் கதைக்கே உரிய நெருக்கம் தளர்ந்துபோகிறது. துப்புகளை வாசகருக்கு முன்கூட்டியே காட்டுவதிலும் அவர் அவ்வளவு கண்டிப்பானவர் அல்லர். இருந்தாலும் 2023-இல் வந்த நான்காம் நாவலான 'தி லாஸ்ட் டெவில் டு டை', ஸ்டீஃபனின் நோயை எடுத்துக்கொண்ட விதத்தில், இந்த வகை எழுத்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைக் காட்டியது. அதில் வரும் குற்றத்தின் விவரங்கள் எனக்கு இப்போது தெளிவாக நினைவில்லை. எலிசபெத்தின் வீடு நினைவில் இருக்கிறது.

இனி, எனக்கு வருத்தம் தருகிற பெரும்பான்மையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நகரத்து வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊர் திரும்பும் கதாநாயகி, பாட்டி விட்டுச்சென்ற பேக்கரி அல்லது நூற்கண்டுக் கடை, ஒரு பூனை, அழகான காவல் அதிகாரி, மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பிணம். இந்த அமைப்பின் மீது எனக்குக் கோபம் இல்லை. பழகிய அமைப்பு இருப்பது வாசகருக்கு ஓர் ஆறுதல், அந்த ஆறுதலைத் தேடித்தான் நானும் போகிறேன். ஆனால் பிணத்தைக் கண்ட அன்று மாலையே கதாநாயகி எந்த நடுக்கமும் இல்லாமல் தோழியோடு சந்தேக நபர்களின் பட்டியல் போட உட்கார்ந்துவிடுகிறாள். இறந்தவருக்குத் தாய் இருந்தாரா, அவர் வளர்த்த நாய் என்ன ஆனது, அவர் வாங்கி வைத்திருந்த சாமான்களை யார் எடுத்து அடுக்கினார்கள் என்று கேட்க அந்தக் கதையில் ஆளே இல்லை. பெரும்பாலும் இறந்தவர் ஊரிலேயே மோசமானவராகவும் இருப்பார். வாசகர் வருந்தத் தேவையில்லாதபடி எழுத்தாளரே அவரை அப்படித் தயார் செய்துவிடுகிறார். கொலையை இப்படி வலியில்லாத ஒன்றாக்கிவிட்டால், அதைத் தீர்ப்பதால் கிடைக்கும் நிம்மதியும் போலியாகிவிடுகிறது. யாருக்கும் எதுவும் பறிபோகாத ஊரில் எதை மீட்டுத் தருவது?

இந்தப் புத்தகங்களில் நான் காணும் இன்னொரு குறை, கதாநாயகியின் தொழிலுக்கும் அவள் துப்பறிவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் போவது. கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது டார்க்கி நகரில் மருந்து கலக்கும் பணியில் இருந்தவர். 1920-இல் வந்த முதல் நாவலிலேயே ஸ்ட்ரிக்னின் நஞ்சு எப்படி வேலை செய்கிறது என்பது தீர்வின் மையமாக அமைந்தது. மருந்தாளுநர்களுக்கான பத்திரிகை ஒன்றே அதன் துல்லியத்தைப் பாராட்டியது. தெரிந்த வேலையிலிருந்து பிறந்த கதைக்கு இருக்கும் உறுதி அது. இன்றைய நாவல்களில் பேக்கரி வெறும் பின்னணியாகவும், கடைசிப் பக்கங்களில் தரப்படும் செய்முறைக் குறிப்பாகவும் நின்றுவிடுகிறது. மாவு பிசைகிற ஒருத்திக்கு மட்டுமே கண்ணில் படக்கூடிய ஒரு துப்பு ஏன் வரக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்து ஏமாந்துபோகிறேன்.

அந்த எதிர்பார்ப்பை முழுமையாக நிறைவேற்றிய நாவல், சுஜாதா மாசி 2018-இல் எழுதிய 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்'. கதை நடப்பது 1921-ஆம் ஆண்டின் பம்பாயில். ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் பயின்ற முதல் பெண்ணான கொர்னீலியா சொராப்ஜியின் வாழ்க்கையிலிருந்து தூண்டுதல் பெற்று உருவாக்கப்பட்ட பெர்வீன் மிஸ்திரி என்ற பார்சிப் பெண் வழக்கறிஞர், தந்தையின் அலுவலகத்தில் பணியாற்றுகிறார். இறந்துபோன ஒரு செல்வந்தரின் மூன்று மனைவியரும் தமக்குரிய சொத்துகளை ஓர் அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுப்பதாகக் கையொப்பமிட்ட ஆவணம் அவர் மேசைக்கு வருகிறது. கையொப்பங்களைப் பெர்வீன் உற்றுப் பார்க்கிறார். ஒரு மனைவியின் பெயருக்கு நேராக வெறும் பெருக்கல் குறி மட்டும் இருக்கிறது. எழுதத் தெரியாதவர், தாம் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று எப்படிப் படித்திருப்பார்? அந்தக் குறியிலிருந்துதான் விசாரணை தொடங்குகிறது. மூவரும் கோஷாவில் வாழ்பவர்கள். வெளி ஆண்களோடு பேச மாட்டார்கள். எனவே காவல்துறையோ வேறெந்த வழக்கறிஞரோ நுழைய முடியாத அறைக்குள், பெண் என்பதாலும் சட்டம் தெரிந்தவர் என்பதாலும் பெர்வீன் ஒருவரால்தான் போய் உட்கார்ந்து கேட்க முடிகிறது. தொழில், காலம், துப்பு மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும்படி கட்டப்பட்ட இத்தகைய கதைகள் அபூர்வம். இதில் நடுநடுவே வரும் பெர்வீனின் கடந்தகால அத்தியாயங்கள் கதையின் வேகத்தைக் குறைக்கின்றன என்று குறைப்பட்டவர்கள் உண்டு. எனக்கோ, அவர் ஏன் அந்த மூன்று பெண்களுக்காக அவ்வளவு தூரம் போகிறார் என்பதை அந்தப் பகுதிகளே விளக்கின.

ஜேனிஸ் ஹாலட்டின் 'தி அப்பீல்' 2021-இல் வெளிவந்தது. கோஸி என்ற பெயர் அதற்கு முழுவதும் பொருந்தாது என்றாலும், ஒரு சிறு ஊரின் நாடகக் குழு, நோயுற்ற குழந்தையின் மருத்துவத்துக்காக நிதி திரட்டுவது, அதன் பின்னணியில் ஒரு கொலை என்று அதன் உலகம் இதே உலகந்தான். நாவல் முழுவதும் மின்னஞ்சல்களாலும் குறுஞ்செய்திகளாலும் ஆனது. இரண்டு இளம் சட்ட மாணவர்களிடம் கொடுக்கப்பட்ட அந்தக் கடிதக் கட்டை நாமும் அவர்களோடு சேர்ந்து படிக்கிறோம். அதில் இஸி என்ற செவிலியர் எழுதும் மின்னஞ்சல்கள் நீளமானவை, ஆர்வம் ததும்புபவை, ஆச்சரியக்குறிகள் நிறைந்தவை. மற்றவர்களிடமிருந்து அவருக்கு வரும் பதில்கள் ஒன்றிரண்டு வரிகள். பல வேளைகளில் பதிலே இல்லை. யாரும் அவரைத் தனிமையில் வாடுபவர் என்று விவரிப்பதில்லை. விவரிப்பதற்கு அந்த நாவலில் கதைசொல்லியே கிடையாது. அனுப்பிய கடிதங்களுக்கும் வராத பதில்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்திலேயே ஒரு மனுஷியின் வாழ்க்கை முழுதும் தெரிந்துவிடுகிறது. புதுமையான வடிவம் என்பதற்காக எழுதப்படும் பல நாவல்கள் எனக்கு அலுப்பூட்டியிருக்கின்றன. இங்கே வடிவமே துப்பாக இருக்கிறது.

நேர்மையான ஆட்டம் என்ற விஷயத்தையும் தொட்டுவிட்டுப் போகிறேன். ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைகளுக்கான பத்துக் கட்டளைகளை வகுத்தார்: ஒன்றுக்கு மேற்பட்ட இரகசிய வழி கூடாது, அதுவரை யாரும் அறியாத நஞ்சு கூடாது, துப்பறிபவருக்குக் கிடைக்கும் துப்பை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது, இப்படி. இன்றைக்கு இந்தக் கட்டளைகளின் உட்கருத்தை மிகவும் மதித்து எழுதுபவர் ஆண்டனி ஹோரோவிட்ஸ் என்று நினைக்கிறேன். 2016-இல் வந்த 'மேக்பை மர்டர்ஸ்' நாவலுக்குள் இன்னொரு முழு நாவல் இருக்கிறது, தனித் தலைப்புப் பக்கத்தோடு. ஆனால் உள்ளிருக்கும் நாவலின் இறுதிப் பகுதியைக் காணவில்லை. அதைத் தேடிப் புறப்படும் பதிப்பாசிரியர், அதை எழுதியவரின் மரணத்தையே விசாரிக்க நேர்கிறது. புதிர் என்ற அளவில் அப்பழுக்கற்ற வேலை. இருப்பினும் என் கேள்வியை அதன் முன்னால் வைத்தால், இறந்த எழுத்தாளருக்காக வருந்துவோர் மிகக் குறைவு. படிக்கும்போது வியந்தேன்; முடித்தபின் அவ்வளவாக அந்த மனிதர்களிடம் திரும்பிப் போகத் தோன்றவில்லை.

கொலையே இல்லாமல் துப்பறியும் கதை எழுத முடியுமா என்றால், அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்தைத்தான் காட்ட வேண்டும். 1998-இல் தொடங்கிய அவருடைய போட்ஸ்வானாத் தொடரில் பிரெஷஸ் ரமோட்ஸ்வே எடுத்துக்கொள்ளும் வழக்குகள் பெரும்பாலும் காணாமற்போன கணவர், சந்தேகத்துக்குரிய மகள், ஏமாற்றுக்காரத் தந்தை என்ற அளவில்தான் இருக்கும். ஆனால் முதல் நாவலின் தொடக்கத்திலேயே, தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்து நுரையீரல் கெட்டுப்போன தந்தை ஓபெட் தம் வாழ்க்கையைத் தம் வாயாலேயே சொல்லும் ஓர் அத்தியாயம் வருகிறது. அவர் சிறுகச் சிறுகச் சேர்த்த மாடுகளை விற்ற பணத்தில்தான் மகளின் துப்பறியும் நிறுவனம் உருவாகிறது. மகள் ஒரு கடை வைப்பாள் என்று நினைத்திருந்த தந்தை, அவள் துப்பறியும் நிறுவனம் தொடங்கப்போவதாகச் சொன்னதும் வியப்பில் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். சொல்லி முடிப்பதற்குள் உயிர் பிரிந்துவிடுகிறது. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களாக நீளும் தொடரில், அந்த மகள் தந்தையை நினைக்காத புத்தகம் இல்லை எனலாம். கொலைகள் நிரம்பிய பல நாவல்களில் காணக் கிடைக்காத துக்கம், கொலையே நடக்காத இந்தத் தொடரில் இருக்கிறது.

துப்பறியும் வகைக்கு வெளியே அண்மையில் படித்தவற்றிலும் என் மனம் இதே திசையில்தான் போகிறது. ஜப்பானிலிருந்து மொழிபெயர்ப்பாகி வந்து பெரும் புகழ்பெற்ற ஆறுதல் கதைகளில், தோஷிகாசு கவாகுச்சியின் காபிக் கடை நாவலின் முதல் பாகம் எனக்குப் பிடித்திருந்தது. குறிப்பிட்ட ஓர் இருக்கையில் அமர்ந்தால் கடந்த காலத்துக்குப் போகலாம். காபி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். என்ன செய்தாலும் நிகழ்காலம் மாறாது. அந்தக் கடைசி விதியில்தான் கதையின் நேர்மை இருக்கிறது. அடுத்தடுத்த பாகங்களில் அதே விதிகள் அதே சொற்களில் மறுபடி விளக்கப்பட, கண்ணீர் வரவேண்டிய இடங்கள் முன்கூட்டியே தெரிந்துவிட, ஈடுபாடு குறைந்துபோயிற்று. அசாகோ யுசுகியின் 'பட்டர்', ஆண்களைக் கொன்றதாகச் சிறையில் இருக்கும் ஒரு பெண்ணையும் அவளைப் பேட்டி காண வரும் பத்திரிகையாளரையும் பற்றியது. பசியையும் பெண்ணுடலையும் பற்றி அது சொல்லும் பல விஷயங்கள் என்னை யோசிக்க வைத்தன. ஆனாலும் இறந்த ஆண்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற கேள்வியைப் பத்திரிகையாளர் தாமதமாகத்தான் கேட்கிறார் என்ற உறுத்தல் இருந்தது. சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்' 2024-ஆம் ஆண்டின் புக்கர் பரிசு பெற்றது. விண்வெளி நிலையத்திலிருக்கும் ஆறு பேர் ஒரே நாளில் பூமியைப் பதினாறு முறை சுற்றி வருகிறார்கள்; நிகழ்ச்சி என்று சொல்ல அதில் அதிகம் கிடையாது. அவர்களில் சியே என்ற ஜப்பானியப் பெண்ணுக்குத் தாயின் மரணச் செய்தி வருகிறது. இறுதிச் சடங்குக்குக்கூடப் போக முடியாத தூரத்தில் அவர் வேலையைத் தொடர்கிறார். கவித்துவமான வர்ணனைகள் சில இடங்களில் எனக்கு அதிகமாகப்பட்டாலும், சியே வரும் பக்கங்களை மட்டும் நிதானமாகப் படித்தேன்.

கோஸி நாவல்களின் முடிவு பற்றியும் எனக்கு ஓர் ஆசை உண்டு. சந்தேகத்துக்குரிய அனைவரையும் ஓர் அறையில் கூட்டி உண்மையை விளக்கும் காட்சி எத்தனை முறை வந்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. ஆனால் அந்த அறையிலிருந்து கொலையாளியைக் கைது செய்து கொண்டுபோனதோடு புத்தகத்தை முடித்துவிடாமல், இன்னும் ஓர் அத்தியாயம் எழுதுங்கள் என்று எழுத்தாளர்களிடம் கேட்கத் தோன்றுகிறது. கொலையாளியின் மகன் மறுநாள் பள்ளிக்கு எப்படிப் போனான், இறந்தவரின் வீடு யாருக்குப் போயிற்று, பக்கத்து வீட்டார் யாரைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்த ஊரின் கதைதானே. ஊர் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று எழுதுவது எளிது. எப்படித் திரும்பியது, எவ்வளவு விலை கொடுத்துத் திரும்பியது என்பதைக் காட்டும் நாவலைத்தான் நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வகையில் முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' நாவலையே தருகிறேன். அது பிடித்திருந்தால் அடுத்தது மாசி, அதன்பின் ஆஸ்மனின் முதல் நாவல். ஆஸ்மனின் தொடரை மட்டும் வரிசை மாற்றாமல் படிக்க வேண்டும். நான்காவது புத்தகத்தை முதலில் எடுத்துவிட்டால், ஸ்டீஃபனை நன்றாக அறிந்துகொள்வதற்கு முன்பே அவரைப் பற்றிய முக்கியமான பக்கங்களைப் படித்து முடித்துவிடுவீர்கள்.